கம்ப்யூட்டர் அடம் பிடித்தால்...

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் என்றைக்காவது உங்களைப் பார்த்து முறைத்திருக்கிறதா, சகோதரிகளே?

நேற்று வரை சமர்த்தாக ஓடிக் கொண்டிருந்த யந்திரம். பெண்ணின் கல்யாணப் படங்களும், பிள்ளையின் சர்ட்டிபிகேட்டுகளும், பால் கணக்கும் அதில்தான் இருக்கின்றன. "புதிதாக ஏற்றிவிட்டால் வேகமாக ஓடும்" என்று யாரோ சொன்னார்கள். ஏற்றத் தொடங்கினார்கள். பாதி வழியில் திரை கறுத்துப் போயிற்று. அதில் நாலு வரி இங்கிலீஷும், மந்திரம் போல் ஓர் எண்ணும் தோன்றின. அவ்வளவுதான்! வீட்டில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். "நான் ஒன்றுமே தொடவில்லை" என்கிறான் தொட்டவன்.

அந்த நாலு வரியைக் கண்டு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால், அந்தச் சமயத்தில் சில சொற்களைக் கண்டால் பயந்தே ஆக வேண்டும். அதையும் சொல்லி விடுகிறேன். எனக்கு இந்தப் பாடம் ராஜபாளையத்தில் ஆரம்பித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் முடிந்தது.

மதினி வீட்டில்

2025-ஆம் வருஷம் தீபாவளி முடிந்த வாரம், ராஜபாளையத்தில் என் மதினி வீட்டுக்குப் போயிருந்தேன். என் அண்ணா காலமாகி மூன்று வருஷமாகிறது. மதினி வீட்டிலேயே ரவிக்கை, நைட்டி தைத்துக் கொடுத்துக் குடித்தனம் நடத்துகிறாள். தீபாவளி என்றால் அவளுக்கு இரவு பகல் கிடையாது. தைத்துக் கொடுத்ததில் யார் யார் எவ்வளவு பாக்கி, யாருக்குத் தோள் அளவு என்ன, கழுத்து இறக்கம் என்ன என்பதெல்லாம் ஒரு லாப்டாப்பில் இருந்தது. அவள் மகள் பிளஸ் டூ படிக்கும்போது, 2013-இல், சர்க்கார் இலவசமாகக் கொடுத்த லாப்டாப் அது. மகள் இப்போது கோயமுத்தூரில் வேலையாக இருக்கிறாள். லாப்டாப் மட்டும் அம்மாவுக்குத் துணையாகத் தங்கிவிட்டது.

நான் போன அன்று மதினியின் முகம் சரியாக இல்லை.

"என்ன மதினி, தீபாவளிக் களைப்பா?" என்று கேட்டேன்.

"களைப்பெல்லாம் இல்லை. உங்க அண்ணன் படமெல்லாம் போயிடும் போல இருக்கு" என்றாள். கண் கலங்கிவிட்டது.

நடந்தது இதுதான். மதினியின் தங்கை மகன், காலேஜில் படிக்கிறவன், தீபாவளி லீவுக்கு வந்திருந்தான். கெட்டிக்காரப் பையன், பெரியம்மாவின் மேல் பிரியமும் உண்டு. லாப்டாப்பில் விண்டோஸ் 10 இருப்பதைப் பார்த்தான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கு வழக்கமான பாதுகாப்பு உதவி நின்று போயிற்றல்லவா? "விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன் பெரியம்மா" என்று உட்கார்ந்தான். "இந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 ஓடாது" என்று முதலிலேயே அது சொல்லிற்று. பையன் விடவில்லை. குறுக்கு வழி காட்டும் வீடியோ ஒன்றைப் பிடித்து, வேலையைத் தொடங்கிவிட்டான். பாதியில் இடி, மழை, கரண்ட் போய்விட்டது. லாப்டாப்பின் பாட்டரியோ எப்போதோ உயிரை விட்டிருந்தது. மறுபடி கரண்ட் வந்தபோது விண்டோஸ் திறக்கவில்லை.

பையன் ஒரு பென் டிரைவைச் செருகி, புதிதாகவே ஏற்றப் பார்த்தான். அப்போது வேறொரு செய்தி வந்தது. "இந்த டிஸ்க்கில் எம்.பி.ஆர். முறையில் பாகம் பிரித்திருக்கிறது, ஜி.பி.டி. முறையில் இருந்தால்தான் விண்டோஸை ஏற்ற முடியும்" என்பது அதன் கருத்து. அதற்கும் ஒரு வீடியோ இருந்தது. கறுப்புத் திரையில் இன்னின்ன வார்த்தைகளை அடி, சரியாகிவிடும் என்று அது சொல்லிற்று. பையன் ஒவ்வொன்றாக அடித்துக் கொண்டு வந்தான். கடைசி வார்த்தை, "கிளீன்."

மதினி எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். ஆனாலும் அந்த வார்த்தை அவளுக்குத் தெரியும்.

"கிளீன்னா சுத்தம் பண்றதுதானே? எதைடா சுத்தம் பண்ணப் போறே?" என்று கேட்டாள்.

பையன் யோசித்தான். அவனுக்குப் பதில் தெரியவில்லை. மதினி அவன் கையைப் பிடித்து அந்தண்டை நகர்த்திவிட்டு, சுவிட்சை அணைத்துவிட்டாள்.

சகோதரிகளே, அந்தக் கேள்விக்குப் பதிலை நான் சொல்லிவிடுகிறேன். அந்த வார்த்தையை அடித்து என்ட்டரைத் தட்டியிருந்தால், "நிச்சயமாகவா?" என்று ஒரு வார்த்தைகூடத் திருப்பிக் கேட்காமல், அந்த டிஸ்க்கில் எந்தெந்த அறையில் என்னென்ன இருக்கிறது என்ற அட்டவணை முழுவதையும் அது அழித்திருக்கும்.

மறுநாள் அவள் ஒரு ரிப்பேர் கடையில் காட்டினாள். "ஃபார்மட் பண்ணினால்தான் சரியாகும். உள்ளே இருக்கிறதுக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்றார்களாம். மதினி லாப்டாப்பைப் புடவைத் தலைப்பில் மூடி வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டாள்.

மேலே இருந்த பெயர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் பள்ளித் தோழி ஒருத்தி இருக்கிறாள். கம்ப்யூட்டர் ஆசிரியை. அவளுக்குப் போன் செய்தேன். "என்ன வந்தது?" என்று கேட்டாள். "என்னவோ தப்பு என்று வந்தது" என்றேன்.

"டாக்டரிடம் போய் 'என்னவோ வலிக்கிறது' என்று சொல்வாயா? என்ன எழுத்து வந்ததோ, ஒரு புள்ளி விடாமல் எழுதிக் கொண்டு வா. இல்லாவிட்டால் போனில் ஒரு போட்டோ எடு. அதுவரை யாரும் அதைத் தொடக் கூடாது."

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 12 கிலோமீட்டர். மேற்கே மலைத்தொடர் கூடவே வரும். மதினி பஸ்ஸில் லாப்டாப் பையைக் குழந்தையை வைத்திருப்பது போல் மடியில் வைத்திருந்தாள். ஆண்டாள் கோயிலின் பதினோரு நிலைக் கோபுரம் தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக் கொண்டாள்.

"2019-லே ஆடிப்பூரத் தேருக்கு இங்கே வந்தோம். தேர் நிலைக்கு வர்ற சமயம் உங்க அண்ணன் மகளைப் பார்த்து என்னமோ சொல்லிச் சிரிக்கிறது வீடியோவிலே இருக்கு. அவங்க குரல் வேற எதிலேயும் இல்லை" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொண்டேன்.

தோழி நான் எழுதி வந்த காகிதத்தைப் படித்தாள். லாப்டாப்பை மின்சாரத்தில் இணைத்துச் சுவிட்சைப் போட்டாள். கறுப்புத் திரையில் ஒரு சிறு பட்டியல் சில விநாடி வந்தது.

"அக்கா, இது தினமும் வருமா?"

"வரும் டீச்சர். கீழே இருக்கிறதை அமுக்கணும், மேலே இருக்கிறது நமக்கு ஆகாதுன்னு மகள் சொல்லிக் கொடுத்தா."

தோழி சிரித்தாள். "நமக்கு ஆகாதது இல்லை அக்கா. பன்னிரண்டு வருஷமாக யாரும் திறந்து பார்க்காத வாசல்."

அந்த மேல் பெயர் 'பாஸ்'. விஷயம் என்னவென்றால், தமிழ்நாட்டு சர்க்காரின் இலவச லாப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கியது. அந்தத் திட்டத்தில் வந்த லாப்டாப்புகளில் விண்டோஸுடன் கூட, பாஸ் லினக்ஸ் என்ற இன்னொன்றையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தார்கள். மத்திய சர்க்காரின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய இயங்குதளம் அது, சென்னையில் வளர்ந்தது, காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. எத்தனையோ வீடுகளில் அதை ஒரு முறைகூடத் திறந்ததில்லை.

தோழி மேலே இருந்ததை அமுக்கினாள். கடவுச்சொல் கேட்டது. மகளுக்குப் போன் போட்டோம். பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்த சீட்டைப் பழைய நோட்டுக்குள் வைத்திருந்தாள், புண்ணியவதி! ஐந்து நிமிஷத்தில் வேறு முகத்தோடு லாப்டாப் திறந்தது. அதன் வழியாக விண்டோஸின் அறைக்குள் எட்டிப் பார்த்தோம். 'படிக்க மட்டும்' என்று சொல்லித் திறந்தது. எங்களுக்கு அதுவே போதும். அளவுக் கணக்கு இருந்தது. பாக்கிக் கணக்கு இருந்தது. 'ஆடிப்பூரம் 2019' என்று ஓர் உறையும் இருந்தது.

கெட்டது விண்டோஸ்தான். டிஸ்க் கெடவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்து கொண்டால், பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

நான்கு படிகள்

இயங்குதளம் என்பது கம்ப்யூட்டரின் வீட்டு எஜமானி. சாவிப் பலகை, திரை, பிரிண்டர், படங்கள், கணக்குகள் எல்லாவற்றையும் ஒழுங்காக நடத்துகிறவள். புது இயங்குதளம் ஏற்றுவது, புது எஜமானி சாமான்களோடு குடி வருகிற மாதிரி. குடி வருவதில் நான்கு படிகள் உண்டு. தகராறு வந்தால், எந்தப் படியில் வந்தது என்று முதலில் பாருங்கள்.

முதல் படி, வாசல். சுவிட்சைப் போட்டதும் முதலில் விழிப்பது கம்ப்யூட்டரின் தாய்ப் பலகையில் இருக்கும் ஒரு சின்ன புரோகிராம். பழைய யந்திரங்களில் அதற்கு பயாஸ் என்று பெயர், புதியவற்றில் யூ.இ.எஃப்.ஐ. யாரிடம் பொறுப்பை ஒப்படைப்பது என்று அது வரிசையாகத் தேடும். "பூட் செய்ய எதுவும் இல்லை" என்றோ, "இயங்குதளம் காணோம்" என்றோ செய்தி வந்தால், இந்த வாசற்காவல்காரன் ஆளைக் கண்டுபிடிக்கவில்லை என்று அர்த்தம். பென் டிரைவை வேறு துளையில் செருகிப் பாருங்கள். சுவிட்சைப் போட்டவுடன் எஃப் 12, எஃப் 9, எஸ்கேப் போன்ற ஒரு விசையைத் தட்டினால் பூட் பட்டியல் வரும். கம்பெனிக்குக் கம்பெனி விசை மாறும். அதில் பென் டிரைவைத் தேர்ந்தெடுக்கலாம். அங்கே உங்கள் ஹார்ட் டிஸ்க்கின் பெயரே இல்லாவிட்டால், டிஸ்க் தளர்ந்திருக்கலாம் அல்லது பழுதாகியிருக்கலாம். அதற்குமேல் நீங்கள் போராட வேண்டாம்; தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

இரண்டாம் படி, சாமான் வண்டி. அதாவது, புது இயங்குதளத்தைச் சுமந்து வரும் பென் டிரைவ். "வேண்டிய ஃபைல் கெட்டிருக்கிறது அல்லது காணவில்லை" என்று சொல்லி, 80070570 என்று முடியும் எண் வந்தால், பெரும்பாலும் வண்டியில்தான் கோளாறு. சில சமயம் நினைவகத்திலோ டிஸ்க்கிலோ இருக்கலாம். இன்டர்நெட்டிலிருந்து இறக்கியது பாதியில் அறுந்திருக்கும், இல்லையானால் பென் டிரைவ் சொத்தை. இயங்குதளத்தை வெளியிட்டவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே மறுபடி இறக்கி, 8 ஜி.பி. அல்லது அதற்கு மேற்பட்ட வேறொரு பென் டிரைவில் எழுதிப் பாருங்கள். லினக்ஸ் வெளியிடுகிறவர்கள் கூடவே 64 எழுத்தில் ஒரு சரிபார்ப்புக் குறி தருவார்கள். கடையில் வாங்கிய பருப்பை வீட்டில் நிறுத்துப் பார்ப்பது போல், இறக்கியதை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு எழுத்து மாறினாலும் சாமான் குறைவு என்று அர்த்தம்.

மூன்றாம் படி, அறைகள். ஹார்ட் டிஸ்க்கில் இடம் ஒதுக்கும் படி. ஆபத்து எல்லாம் இங்கேதான். மதினி வீட்டில் வந்த செய்தி இந்தப் படியைச் சேர்ந்தது. டிஸ்க்கின் அட்டவணையை எழுத இரண்டு முறைகள் உண்டு. பழைய முறை எம்.பி.ஆர்.; புதிய முறை ஜி.பி.டி. பென் டிரைவுக்குள்ளும் இரண்டு வாசல் வழியாக நுழையலாம். பூட் பட்டியலில் ஒரே பென் டிரைவின் பெயர் இரண்டு முறை வந்திருந்தால் பாருங்கள். ஒன்றின் முன்னால் யூ.இ.எஃப்.ஐ. என்று இருக்கும். அந்தப் புது வாசலில் நுழைந்தால் விண்டோஸ் புது அட்டவணையைக் கேட்கும். யூ.இ.எஃப்.ஐ. என்று போடாத மற்றதில் நுழைந்தால் பழைய அட்டவணையே போதும் என்கும். செய்தி தலைகீழாக, "இந்த டிஸ்க் ஜி.பி.டி. முறையில் இருக்கிறது, ஏற்ற முடியாது" என்று வந்தால், யூ.இ.எஃப்.ஐ. வாசலில் நுழைய வேண்டும். வாசலை மாற்ற வேண்டிய இடத்தில் அந்தப் பையன் வீட்டையே இடிக்கப் போனான்!

பழைய வாசல் இல்லாத புது யந்திரங்களும் உண்டு. விண்டோஸ் 11-க்கும் புது வாசல்தான் வேண்டும். அப்படிப்பட்ட இடத்திலும் டிஸ்க்கை அழிக்காமலே அட்டவணையை மாற்றும் கருவி ஒன்று விண்டோஸோடு கூடவே வருகிறது. ஆனால் அதைத் தொடுமுன் பிரதி எடுத்து வைப்பது அவசியம்.

இதே படியில், "டிஸ்க் எதுவுமே காணவில்லை, டிரைவர் கொடு" என்று சில புது லாப்டாப்புகள் கேட்கும். இன்டெல்லின் 11-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதுமான பிராசசர் உள்ளவற்றில் இது சகஜம். டிஸ்க் செத்துவிட்டது என்று அழாதீர்கள். லாப்டாப் கம்பெனியின் தளத்தில் சேமிப்பக டிரைவர் இருக்கும். அதை விரித்துப் பென் டிரைவில் போட்டுக் காட்டினால் டிஸ்க் தலையைக் காட்டும்.

நான்காம் படி, சாமான்களை அடுக்குவது. கம்ப்யூட்டர் இரண்டொரு முறை அணைந்து எழும். அணைந்து எழுந்ததும் முதலிலிருந்தே மறுபடி ஆரம்பிக்கிறதா? பயப்படாதீர்கள். பென் டிரைவை எடுக்காமல் விட்டிருக்கிறீர்கள். காவல்காரன் திரும்பவும் அதையே உள்ளே அனுப்புகிறான். முதல் தடவை அணைந்து எழும்போது அதை உருவிவிடுங்கள். இடம் போதவில்லை என்றால் 80070070 என்று முடியும் எண் வரும். சி என்ற எழுத்தும் 1900101 என்ற எண்ணும் சேர்ந்து வந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவர் ஒத்துழைக்கவில்லை என்று பொருள். பிரிண்டர், வெளி டிஸ்க், வெப் காமிரா எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

"ஓடாது" என்று சொன்னால்

விண்டோஸ் 11 ஓடாது என்ற செய்தி இன்று பல வீடுகளில் வருகிறது. அது குறைந்தது 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. இடம், அதன் பட்டியலில் உள்ள பிராசசர், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு ஆகியவற்றைக் கேட்கிறது. சற்றே புதிய யந்திரமானால் அந்தச் சில்லு உள்ளேயே இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். பயாஸ் அமைப்பில் பி.டி.டி. அல்லது எஃப்.டி.பி.எம். என்ற பெயரில் தேடி இயக்கினால் சரியாகிவிடும். மதினியுடையதைப் போல் பன்னிரண்டு வயது லாப்டாப்பானால், அது உண்மையைச் சொல்கிறது என்று எடுத்துக் கொள்ளுங்கள். கிழவியை ஓட்டப் பந்தயத்துக்கு இழுக்கக் கூடாது. அவளுக்கு ஏற்ற வேலையைக் கொடுத்தால் இன்னும் நாலு வருஷம் நன்றாக உழைப்பாள்.

பெரிய இடத்துச் சங்கடம்

"நமக்குத்தான் இப்படி வருகிறது" என்று நினைக்காதீர்கள். 2024 ஜூலை 19-ஆம் தேதி என்ன நடந்தது தெரியுமா? கிரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரு தவறான ஃபைலால், உலகம் பூராவும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையைக் காட்டி நின்றுவிட்டன. ஆகாய விமானங்கள் தாமதமாயின. நம் நாட்டு விமான நிலையங்களில் பிரயாணிகளுக்கு போர்டிங் சீட்டைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள்!

இதற்கு மருந்து என்ன? கம்ப்யூட்டரைப் 'பாதுகாப்பு நிலை'யில் திறந்து, அந்த ஒரு ஃபைலை மட்டும் நீக்குவதுதான். ஃபார்மட் தேவைப்படவில்லை. ஆனால் பல ஆபீஸ்களில் வேறொரு சங்கடம். டிஸ்க் பூட்டப்பட்டிருந்ததால், அதைத் திறக்க 48 இலக்கச் சாவி எண் தேவைப்பட்டது. அதைத் தேடி அலைந்தார்கள்.

அந்தச் சாவி இப்போது நம் வீட்டுக்கும் வந்துவிட்டது. புது விண்டோஸ் 11 லாப்டாப்புகள் பலவற்றில், நமக்குத் தெரியாமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது. பயாஸில் எதையாவது மாற்றினாலும் அது சாவியைக் கேட்கக் கூடும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த 48 இலக்கங்கள் இருக்கின்றனவா என்று இன்றைக்கே பார்த்து, கையால் எழுதி, நகைச் சீட்டு வைக்கும் இடத்தில் வைத்து விடுங்கள். கம்ப்யூட்டருக்குள்ளேயே வைத்துப் பிரயோசனமில்லை. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவோமா?

தோழி சொன்ன ஐந்து விதிகள்

முதலாவது: செய்தியை அப்படியே எழுதுங்கள், அல்லது போட்டோ எடுங்கள். எந்தப் படியில் வந்தது, அதற்கு முன் என்ன செய்தீர்கள் என்பதையும் குறியுங்கள்.

இரண்டாவது: ரிப்பேருக்கு முன் மீட்பு. இரண்டாவது வாசல் இல்லாத கம்ப்யூட்டர்தான் அதிகம். அதற்கும் வழி உண்டு. உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ்களைப் பென் டிரைவில் எழுதிக் கொண்டால், ஏற்றாமலே 'முயன்று பார்' என்று திறக்கலாம். டிஸ்க் பூட்டப்படாமலும் பழுதாகாமலும் இருந்தால், அதன் வழியாகப் படங்களை ஒரு வெளி டிஸ்க்குக்குப் பிரதி எடுத்து விடலாம். பிரதி எடுத்ததை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகே 'எடுத்தாயிற்று' என்று சொல்லுங்கள்.

மூன்றாவது: கிளீன், ஃபார்மட், டெலீட், இரேஸ். இந்த நாலு சொற்களையும் மனப்பாடம் செய்யுங்கள். லினக்ஸ் ஏற்றும்போதும் "டிஸ்க்கை அழித்துவிட்டு ஏற்று", "பழையதன் பக்கத்தில் ஏற்று" என்று இரண்டு வழிகள் காட்டும். அவசரத்தில் முதலாவதை அமுக்கி விட்டுப் பிறகு வருத்தப்பட்டவர்கள் பலர். இந்தச் சொற்களில் ஒன்று வந்தால், "எதை?" என்று கேட்காமல் மேலே போகக் கூடாது.

நான்காவது: பாட்டரி செத்த லாப்டாப்பானால், இன்வர்ட்டரோ யு.பி.எஸ்ஸோ இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். மழைக் காலத்தில் கேட்கவே வேண்டாம்.

ஐந்தாவது: கடையில் கொடுத்தால், "ஃபார்மட் செய்யக் கூடாது, செய்ய வேண்டுமானால் என்னைக் கேட்க வேண்டும்" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். இன்னும் நல்ல வழி, புதிதாக ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கிப் போட்டு, புது இயங்குதளத்தை அதில் ஏற்றச் சொல்வது. நல்ல பட்டுப் புடவை விலையில் அது ஒரு சிறு பங்குதான். பழைய டிஸ்க்கைக் கழற்றிக் கையோடு வாங்கிக் கொள்ளுங்கள். அதில் உள்ளதை யாரும் அழிக்க முடியாது.

திரும்பி வந்தோம்

மதினிக்கு அப்படித்தான் செய்தாள் தோழி. படங்களையும் கணக்குகளையும் முதலில் ஒரு வெளி டிஸ்க்கில் எடுத்துத் தன் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தாள். மறு வாரம் புது எஸ்.எஸ்.டி. போட்டு, அதில் லினக்ஸ் மின்ட் ஏற்றினாள். தையல் அளவுக் கணக்கு, லிப்ரே ஆபீஸ் என்ற இலவச புரோகிராமில் பழையபடியே திறந்தது. தமிழிலும் எழுத வருகிறது. "கிழவிக்குப் பல் முளைத்த மாதிரி ஓடுது" என்று மதினி போனில் சொன்னாள்.

பழைய டிஸ்க்கை ஒரு காகித உறையில் போட்டு, தேதி எழுதி, பீரோவில் வைத்திருக்கிறாள். தங்கை மகனை அவள் ஒரு வார்த்தை கடிந்து கொள்ளவில்லை. "நல்லதுக்குத்தான் செஞ்சான். எதை அழிக்கப் போறோம்னு கேக்கணும், அது மட்டும் தெரியலை" என்றாள். பொங்கலுக்கு அவன் வந்தபோது, அவன் லாப்டாப்பின் சாவி எண்ணை எழுதி வாங்கித் தன் நோட்டில் ஒட்டி வைத்துக் கொண்டாளாம்!

அன்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கிளம்புமுன் தோழி அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினாள். தேர்ச் சத்தத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே அண்ணா மகளைப் பார்த்து, "வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுக்கோ, பிள்ளே" என்று சொல்கிறார். பிறகு சிரிக்கிறார். அவ்வளவுதான் வீடியோ. மதினி ஒன்றும் பேசவில்லை. மறுபடி ஒரு முறை போடச் சொன்னாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு வரும் வழியில், தோழி வீட்டுக்குக் கொடுத்தனுப்பவென்று மதினி அரைக் கிலோ பால்கோவா வாங்கினாள். "டீச்சர் இந்த ஊர்க்காரங்கதானே மதினி, அவங்களுக்கே பால்கோவாவா?" என்று கேட்டேன். "வேற என்னத்தைக் கொடுக்கிறது?" என்றாள்.

சகோதரிகளே, கம்ப்யூட்டரைக் கடையில் வாங்கலாம். விண்டோஸை வாங்கலாம். லினக்ஸை வாங்காமலே பெறலாம். எந்தக் கடையிலும் வாங்க முடியாதது எதுவோ, அது உங்கள் கம்ப்யூட்டரில் எந்த உறையில் இருக்கிறது என்று இன்று இரவு அடுப்படி வேலை முடிந்ததும் ஒரு முறை பாருங்கள். அதற்கு இன்னொரு பிரதி வேறோரிடத்தில் இருக்கிறதா? இல்லையென்றால், தூங்கப் போவதற்கு முன் எடுத்து விடுங்கள். அதன் பிறகு திரையில் என்ன எண் வந்தாலும் வரட்டும். நிதானமாக எழுதிக் கொள்ளலாம்.